சும்மா இருக்கும் 61 நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரையாண்டு வாசிப்பு பற்றி சென்ற இதழில் நீங்கள் போட்ட கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையாக. இரண்டாவது தடவை, முதலில் படித்தது என் கண் கோளாறோ என்று பார்ப்பதற்காக. ஜூன் முடிய என்ன படித்தீர்கள், எது பிடித்தது என்று பன்னிரண்டு பேரிடம் கேட்டிருக்கிறீர்கள். பேராசிரியர், சினிமாக்காரர், டாக்டர் என்று எல்லாரும் பெரியவர்கள். அதில் ஒருவர், வாசிப்பு குறைந்து போனதற்கு உதாரணம் தேடி எங்கள் கரை வரைக்கும் வந்துவிட்டார். மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதம் சும்மா இருக்கும் கடலோர ஆட்கள்கூடப் புத்தகத்தைத் தொடுவதில்லையாம்.

அந்தக் 'கூட' இருக்கிறதே, அது மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது ஐயா. சோற்று உருண்டையெல்லாம் விழுங்கிப் பார்த்துவிட்டேன், இறங்கவில்லை.

நான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் படகு இறங்கக் கூடாது, இது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தச் 'சும்மா' காலத்தில்தான் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பலகை இடுக்கில் பஞ்சை வைத்து அடித்துக் கலப்பத்து பார்த்து, பெயிண்ட் பூசி, இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறோம். எங்களில் பாதிப் பேர் அதற்கும் நிற்காமல், அங்கே தடை ஜூனில்தானே தொடங்குகிறது என்று கேரளப் பக்கம் வேலைக்குப் போய்விடுவார்கள். சும்மா இருப்பது படகு மட்டும்தான்.

சரி, கேட்காவிட்டாலும் என் கணக்கைச் சொல்கிறேன். ஜனவரியிலிருந்து ஏப்ரல் 14 வரை இரண்டு புத்தகம். தடைக்காலத்தில் ஏழு. ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டேன், அதைச் சேர்க்கவில்லை. உங்கள் பன்னிரண்டு பேரில் நால்வர் என்னைவிடக் குறைவாகப் படித்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தடை முன்பு 45 நாள்தான். 2017-இல் 61 ஆக்கினார்கள். கூடுதலாகக் கிடைத்த அந்தப் 16 நாளில்தான் தடிப் புத்தகங்களில் கைவைக்கத் துணிந்தேன். இந்த வருடம் 'புயலிலே ஒரு தோணி'யை மூன்றாவது முயற்சியில் முடித்தேன். எழுதிய ப. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1985-இல் பிரிக்கும் வரைக்கும் அது எங்கள் இராமநாதபுரம் மாவட்டம்தான். வட்டிக்கடை வேலைக்குச் சுமத்ராவிலுள்ள மேடான் போன மனிதர், கடல் தொழிலுக்குச் சம்பந்தமில்லாதவர். ஆனால் சுமத்ராவிலிருந்து பினாங்குக்குப் போகும் வழியில் புயலில் மாட்டுகிற இடத்தை, படகு நிழலில் உட்கார்ந்து படித்தபோது கரையிலேயே எனக்கு வயிற்றைப் பிரட்டியது. அந்தப் பக்கத்தில் என் கட்டைவிரல் ரேகை ரெட் ஆக்சைடில் பதிந்துவிட்டது. பெட்ரோலைத் தொட்டுத் துடைத்தேன், இன்னும் பரவியது. நூலகத்தில் திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக் கட்டிக்கொண்டேன். புத்தகம் தொடாதவனின் கைரேகை வேண்டுமானால் அங்கே போய்ப் பார்க்கலாம்.

'கடல்புரத்தில்' வருடா வருடம் படிப்பது. சின்னப் புத்தகம், ஒரு பகலில் முடிந்துவிடும். வண்ணநிலவன் 1977-இல் எழுதிய அந்த லாஞ்சு, வல்லச் சண்டைக்கு, அதாவது விசைப்படகு, நாட்டுப்படகுச் சண்டைக்கு, எங்கள் வடகடலான பாக் விரிகுடாவில் இப்போது கிழமை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். திங்கள், புதன், சனி எங்களுக்கு. மற்ற நாலு நாள் நாட்டுப்படகுக்கு. நான் லாஞ்சுப் பக்கத்து ஆள். படிக்கும்போது மட்டும் வல்லத்துப் பக்கம் சாய்ந்துவிடுகிறேன்.

பாதியில் வைத்தது ஒரு சிறுகதைத் தொகுப்பு. பெயர் வேண்டாம். நீங்கள் அதற்கு ஒன்றரைப் பக்கம் மதிப்புரை போட்டிருந்தீர்கள். அதை நம்பி வாங்கியதுதான். எழுத்து தெரியாத பெரியவர் ஒருவர் பக்கத்துப் படகில் வலை பின்னிக்கொண்டிருப்பார். அவருக்கு வாய்விட்டுப் படிப்பேன். பௌர்ணமி இரவில் வலை கொள்ளாமல் மீன் பட்டது என்று ஒரு கதை வந்தது. பெரியவர் ஊசியை நிறுத்திவிட்டு, "ஏப்பா, நிலா வெளிச்சத்துல வலை மீனுக்குத் தெரியாதாக்கும்?" என்றார். அதற்கு மேல் வாசிக்கத் தோன்றவில்லை. உங்கள் மதிப்புரையாளர் இதே புத்தகத்தில் கடல்வாசனை தூக்கலாக இருப்பதாக எழுதியிருந்தார்.

இது முதல் தடவையும் இல்லை. போன வருடம் நாட்டுப்படகு படத்தைப் போட்டு விசைப்படகு என்று எழுதினீர்கள். கடிதம் போட்டேன், இதழில் வரவில்லை. மண்டபத்தில் நடந்தாலும் தொண்டியில் நடந்தாலும் உங்களுக்கு 'ராமேஸ்வரம் மீனவர்'தான். அதற்கும் எழுதினேன். ஓடும் ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டைப் பொறுக்கி வீடு வீடாகப் போட்ட சிறுவன் கலாம் எந்த ஊர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை வந்தால் தவறாமல் அவரை நினைக்கிறீர்கள். அவரோடு எங்கள் கரையில் படிப்பு நின்றுவிட்டது போலிருக்கிறது.

நூலகக் கதையையும் கேளுங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் நம்முடையது, 1948 என்று நீங்களே பெருமையாக எழுதினீர்கள். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் கட்டுகிறோம். சனி போனால் ஞாயிறு காலை கரை வந்து, மீன் இறக்கி, குளித்துச் சாய்ந்தால் விழிக்கும்போது இருட்டிவிடும். செவ்வாயும் வியாழனும் இதே கதை. உருப்படியாக ஓய்வு கிடைப்பது வெள்ளி ஒன்றுதான். நூலகத்துக்கும் அன்றுதான் விடுமுறை. அங்கே ஒரு சரித்திர நாவலின் மூன்றாம் பாகத்தில் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. இளவரசன் சுரங்கத்தில் நிற்கிறான். மூன்று வருடமாக நிற்கிறான்.

படிக்க முடியாத நாட்களும் உண்டு. தெரிந்தவர்களை அந்தக் கரையில், இலங்கையில், பிடித்து வைத்து, இங்கே வேலைநிறுத்தம் என்று எல்லாப் படகும் நிற்கும்போது பக்கம் புரளும், எழுத்து ஏறாது. அதை வேண்டுமானால் சும்மா இருந்த நாள் என்று அந்தப் பெரிய மனிதர் எழுதிக்கொள்ளட்டும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அரையாண்டுப் பட்டியலை ஜூலையில் போடுகிறீர்கள், அப்போது நாங்கள் கடலில் இருப்போம். அதுபோல ஒரு பட்டியலை ஏப்ரல் முதல் வாரம் போடுங்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் விலையும் பக்க எண்ணிக்கையும் கொடுங்கள். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அதில் எவ்வளவு எடுக்கலாம் என்று வீட்டில் முன்கூட்டியே பேச வேண்டியிருக்கிறது.

கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் படகு முதலாளியும் உங்கள் வாசகர்தான். தடைக்காலத்தில் ஏழு புத்தகம் படித்தேன் என்று தெரிந்தால் கலப்பத்துக் கூலியில் பிடித்துவிடுவார்.

இப்படிக்கு,
விசைப்படகுத் தொழிலாளி ஒருவன்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.