சீனாவைக் காட்டி எத்தனை நாள்? உரத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மத்திய உரத்துறை, வேளாண் அமைச்சக அதிகாரிகளுக்கு வணக்கம்.

உரமிட்ட வயலிலிருந்து கிளம்பிப் புவியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு என்று பேச்செடுத்தாலே "சீனா நம்மைவிட அதிகம் விடுகிறதே" என்ற பதில் வந்துவிடுகிறது. உண்மைதான். மனிதர்களால் வெளியாகும் நைட்ரஸ் ஆக்சைடில் சீனா முதலிடம், நாம் இரண்டாமிடம். ஆனால் யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்தால் அந்த ஆறுதல் நிற்காது.

2015-ல் சீன வேளாண் அமைச்சகம், 2020-க்குள் உரப் பயன்பாடு மேலே ஏறுவதை நிறுத்த இலக்கு வைத்தது. அப்போது சுமார் 6 கோடி டன்னாக இருந்த ரசாயன உரப் பயன்பாடு, 2020-ல் 5.25 கோடி டன்னுக்கு இறங்கிவிட்டது. விளைச்சல் படுத்துவிட்டதா என்றால் இல்லை. 2005 முதல் 2015 வரை சுமார் 2 கோடி சிறு விவசாயிகளிடம் நடந்த முயற்சியில் இடும் தழைச்சத்து (நைட்ரஜன்) 15 முதல் 18 சதவீதம் வரை குறைந்தது, மகசூல் 11 சதவீதம் அளவுக்குக் கூடியது. நம் பக்கம் யூரியா மட்டுமே 2015-16-ல் சுமார் 306 லட்சம் டன், 2023-24-ல் 357 லட்சம்.

சீனாவில் ஏக்கருக்கு இடும் உரம் நம்மைவிட அதிகம், குறைக்க இடமும் அதிகம் என்பது நியாயமான வாதம். பஞ்சாபுக்குச் சொல்வதை ஒடிசாவின் மானாவாரி நிலத்துக்குச் சொல்ல முடியாது என்பதும் சரி. ஆனால் அது பஞ்சாபைத் தொடாமல் விடுவதற்குக் காரணமாகாது.

ஒரு மூட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 45 கிலோ யூரியாவில் தழைச்சத்து 20.7 கிலோ. அதில் ஒரு சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது என்ற ஐபிசிசி-யின் (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) பொதுக் கணக்குப்படி, சுமார் 325 கிராம் வாயு. கரியமில வாயுவைப்போல 273 மடங்கு சூடாக்குவதால், அது கிட்டத்தட்ட 89 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அந்த மூட்டையின் விலையோ, வேப்பெண்ணெய்ப் பூச்சுக்கான கட்டணமும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய். தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த டிஏபி உரம் மூட்டை 1,350. இந்த விலையில் எந்த விவசாயி மண் பரிசோதனை அட்டையைப் பார்த்து யூரியாவைக் குறைப்பார்? பயிர் கொஞ்சம் வெளுத்தால் இன்னொரு மூட்டை, அவ்வளவுதான். யூரியாவின் சத்து மெதுவாக வெளிவர உதவும் வேப்பெண்ணெய்ப் பூச்சை 2015-ல் கட்டாயமாக்கியது நல்ல காரியம். ஆனால் உரத்தில் உள்ள சத்தின் அளவுக்கேற்ப மானியம் தரும், 2010-ல் வந்த திட்டத்தில் யூரியாவை மட்டும் வெளியே நிறுத்திவைத்திருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான். சீனா அந்த 2015-லேயே உரத்துக்கான மதிப்புக்கூட்டு வரி விலக்கை எடுத்துவிட்டது.

அப்புறம், அந்த ஒரு சதவீதம். எல்லா நிலத்துக்கும் அதையே போட்டுப் பெருக்கினால், இரு நாடுகளின் வாயுவை ஒப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு மூட்டைகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்போம். 2019-ல் ஐபிசிசி-யே ரசாயன உரத்துக்கு ஈரமான தட்பவெப்பத்தில் 1.6 சதவீதம், வறண்ட இடத்தில் 0.5 சதவீதம் என்று பிரித்துவிட்டது. நீர் நிற்கும் நெல் வயலில் அளவு இன்னும் குறைவு. நெல் வயலிலிருந்து வரும் இன்னொரு வெப்ப வாயுவான மீத்தேனைக் குறைக்கக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டச் சொல்கிறோமே, அங்கே நைட்ரஸ் ஆக்சைடு கூடும். இரண்டையும் சேர்த்து அளக்காமல் எதையும் சாதனை என்று அறிவிக்க முடியாது.

ஆகவே யூரியாவையும் சத்து மானியத்துக்குள் கொண்டுவாருங்கள். விலை ஏறும் தொகையை முன்கூட்டியே விவசாயியின் வங்கிக் கணக்கில் போடுங்கள், அறுவடைக்குப் பிறகு அல்ல. மேலுரம் இடும் நாட்களில் வயலிலேயே வாயுவை அளந்து, மாவட்டவாரியாக, பயிர்வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். பஞ்சாப் கோதுமையிலும் காவிரி டெல்டா நெல்லிலும் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வேளாண் செய்திகளைத் தொடர்ந்து படிக்கும் ஒரு குடிமகன்