அம்மாவுக்கு மலையில் இரண்டு ராத்திரி

கன்னங்குறிச்சி,
சேலம்.

அன்புள்ள செந்தில்,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

மே மாதம் லீவு போட்டு வந்து, ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்திலேயே ரூம் எடுத்து எல்லோருமாகத் தங்கலாம் என்று போனில் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன். யோசனை ரொம்ப நல்லது. மாதத்தையும் இடத்தையும் மட்டும் மாற்று என்கிறேன்.

மே வேண்டாம் கண்ணு. கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று அந்த மாதம் மலை தாங்காத கூட்டம். அடிவாரத்திலிருந்தே வண்டிகள் வரிசை கட்டும். ஏரியைச் சுற்றி கார் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். அதைவிட முக்கியம் தண்ணீர். காடும் தண்ணீருமாக ஒரு இடத்தில் இருக்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டாய்? ஏரி நிரம்பி வழிந்தால்தான் கிளியூர் அருவிக்குத் தண்ணீர். கோடையில் போனால் பாறையைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த பிறகு வந்தால் ஏரியும் நிறைந்திருக்கும், அருவியும் விழும், காப்பிச் செடியில் பழம் சிவந்து பறிப்பு நடந்துகொண்டிருக்கும்.

அதனால் டிசம்பர் முதல் இரண்டு வாரத்துக்குள் வா. அதிலும் சனி, ஞாயிறு வேண்டாம், வார நாளாகப் பார். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் புத்தாண்டு வரைக்கும் மறுபடி கூட்டம்தான், வாடகையும் ஏறிவிடும். பாப்பா எல்.கே.ஜி. தானே, நாலு நாள் போகாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. புயல் என்று செய்தி வந்தால் மட்டும் யோசிக்காமல் தள்ளிப்போட்டுவிடு. மழை பலத்தால் அந்தப் பாதையில் மண் சரியும், பாறை உருளும். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னாலேயே, தேதி மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டு வைத்துக்கொள்.

சரி, இடம். ஏரிக்கரையில் வேண்டாம். அங்கே கடை, பஸ், ஹாரன் எல்லாம் உண்டு. அதற்கு நம் வீட்டிலேயே இருக்கலாம். நாகலூர் பக்கமோ அதைத் தாண்டியோ, காப்பித் தோட்டத்துக்கு உள்ளே தனியாக இருக்கிற காட்டேஜாகப் பார். நான் மலை ரூட்டில் பஸ் ஓட்டின காலத்தில் எனக்கு அந்தப் பக்கம் நைட் ஹால்ட் வரும். கடைசி ட்ரிப் ஆட்களை இறக்கிவிட்டு இன்ஜினை நிறுத்தினால், அப்புறம் சில்வண்டுச் சத்தம் ஒன்றுதான். விடியும்போது பார்த்தால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் மூட்டம் மெதுவாக நகரும். மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காப்பி, இன்றைக்கும் அந்த மரநிழலில்தான் வளர்கிறது.

இதையெல்லாம் உன் அம்மா நான் சொல்லிக் கேட்டதோடு சரி. அவள் ஏற்காடு போனதெல்லாம் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பின போக்குத்தான். மாடியில் துணி எடுக்கப் போகும்போது மலைமேல் வண்டி வெளிச்சம் வளைந்து வளைந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதில் எது நான் ஓட்டுகிற பஸ் என்று உனக்குக் காட்டுவாளே, நினைவிருக்கிறதா? அந்த மலையில் ஒரு ராத்திரிகூட அவள் தங்கியதில்லை. நீ வருகிறாய் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் இந்தத் தடவை எதை முடிவு செய்தாலும் அவளை வைத்து முடிவு செய்.

காட்டேஜ்காரரிடம் போட்டோவை மட்டும் பார்த்துப் பேசி முடித்துவிடாதே. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது, ஆகவே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, வாசலுக்கு எத்தனை படி, கார் வாசல் வரைக்கும் வருமா இல்லை கடைசித் தூரம் மண்பாதையா என்று கேள். மழைக்குப் பிறகு மண்பாதையில் சின்னக் கார் சிக்கிக்கொள்ளும். டிசம்பர் ராத்திரியில் 12, 13 டிகிரிக்கு இறங்கும். வெந்நீர், போதுமான கம்பளி, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு, எல்லாம் கேள். அங்கேயே சமைத்துத் தருகிறார்கள் என்றால் நல்லது. இல்லையென்றால் அம்மா வீட்டிலிருந்தே பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள், அவளுக்கு ஓய்வே இருக்காது.

இருட்டின பிறகு தோட்டத்துப் பாதையில் யாரும் நடக்கக் கூடாது, பாப்பாவைத் தனியாக வாசலில் விடவும் கூடாது. அந்த மலையில் காட்டெருமை உண்டு. தோட்டத்துக்குள்ளேயே மேயும். வண்டியில் வரும்போது எதிரில் நின்றால் ஹாரன் அடிக்காதே, பக்கத்தில் போய்ப் போட்டோ எடுக்காதே. அதுவாக நகரும்வரை நில். மலைப்பாதையில் குரங்குக்கு எதுவும் போடவேண்டாம், கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொள்.

இனி வண்டி. இதை நிதானமாகப் படி.

பெங்களூரிலிருந்து நேராக மலைக்குப் போகவேண்டாம். வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது. லோடு லாரிகள் பிரேக் பிடிக்காமல் எத்தனையோ விபத்து நடந்த இடம் அது. லாரிக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொண்டு வராதே. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கு. மறுநாள் மூட்டம் விலகின பிறகு காலையில் ஏறலாம். குப்பனூர் வழியாகவும் ஒரு பாதை உண்டு, அது அங்கே ஓட்டிப் பழகினவர்களுக்குச் சரி. நீ அடிவாரம் வழியாகவே வா.

அந்த வழியில் கொண்டை ஊசி வளைவு 20. ஏறும்போது வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடு, வளைவுக்குள் போய்க் கியரோடு போராடாதே. ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன்தான் வழிவிட வேண்டும், சட்டமே அப்படித்தான். ஆனாலும் எதிரில் பஸ் வந்தால் நீயே கொஞ்சம் ஒதுங்கி நில். பஸ் வளைவில் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்ப முடியும்.

இறக்கம்தான் பெரிய விஷயம். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சம் என்று சொல்கிறவன் பேச்சைக் கேட்காதே. பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. கருகின வாடை வந்தால் ஓரம் கட்டி ஆறவிடு, சூட்டோடு தண்ணீர் ஊற்றாதே. மூட்டம் சூழ்ந்தால் ஹை பீம் போடக் கூடாது, வெளிச்சம் திரும்ப உன் கண்ணிலேயே அடிக்கும். பாப்பாவுக்கு ஏறும் முன் வயிறு நிறையக் கொடுக்கவேண்டாம். இரண்டு இட்லி போதும், கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடு. வழியில் இரண்டு தடவையாவது நிறுத்தி இறக்கிக் காற்று வாங்கவிடு.

மேலே போய் ஊர் சுற்றுகிற வேலையெல்லாம் குறைவாகவே இருக்கட்டும். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் எல்லாம் நீ பள்ளிக்கூட டூரில் பார்த்ததுதான். ஒரு நாள் காலையில் சீக்கிரமாகப் படகில் போய்விட்டு வரலாம், லைஃப் ஜாக்கெட்டைப் பாப்பா அழுதாலும் மாட்டிவிடு. கிளியூர் அருவிக்குப் படி அதிகம், நீயும் மருமகளும் மட்டும் போய் வாருங்கள். பாறை வழுக்கும், ஓரத்துக்குப் போகவேண்டாம். பாப்பா எங்களோடு இருக்கட்டும்.

சேர்வராயன் கோயிலுக்கு மட்டும் கட்டாயம் போகவேண்டும். மலையிலேயே உயரமான இடம், 5,300 அடிக்கு மேல். குகைக்குள்ளே குனிந்துதான் போகவேண்டும். சேர்வராயனோடு அங்கே காவிரியம்மனும் இருக்கிறாள். அம்மா எடப்பாடிப் பக்கம் காவிரித் தண்ணீரில் வளர்ந்தவள், அந்தச் சந்நிதியில் நின்றால் அவள் முகமே வேறு மாதிரி ஆகிவிடும். மலையிலிருந்து இறங்கி ஒரு நாள் ஓய்வு எடுத்துக்கொண்டு அவளைப் பூலாம்பட்டிக்கும் அழைத்துப் போவோம். மேட்டூர் அணைக்குக் கீழே, நெரிஞ்சிப்பேட்டைக் கதவணையால் காவிரி அங்கே அகலமாகத் தேங்கி நிற்கும். படகில் அக்கரைக்குப் போய்த் திரும்பலாம். ஆற்றில் தண்ணீர் அதிகமாகத் திறந்துவிட்டிருந்தால் படகு விடமாட்டார்கள், நான் விசாரித்துச் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றி யோசிக்காதே. காட்டேஜ் வாடகையில் பாதி நான் கொடுக்கிறேன், மறுக்காதே. என் பென்ஷனில் உன் அம்மாவுக்காக நான் செய்கிற செலவு அது.

தேதியை இந்த வாரத்துக்குள் முடிவு செய். டிசம்பருக்கு மாற்றச் சொல்லப் போகிறேன் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மே மாதம் இல்லை என்று என் வாயால் கேட்டால் வருத்தப்படுவாள், நீயே போன் செய்து காரணத்தோடு சொல். பாப்பாவுக்கு ஸ்வெட்டர் பின்னுவதற்கு அளவு வேண்டுமாம். மருமகளிடம் கேட்டு அதையும் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா