ஐசியு நைட் டூட்டி சிஸ்டருக்கு நன்றி

உங்க பேர் கூட கேட்டு வச்சுக்கல சிஸ்டர். தொண்டைல டியூப் போட்டதுக்கப்புறம் அம்மாவால பேச முடியல, கைய ஆட்டி ஆட்டி என்னமோ கேட்டாங்க, தண்ணியா வலியான்னு நாங்க குழம்பிட்டு நின்னோம். நீங்கதான் யாரும் கேக்காமலே ஒரு அட்டைல பேப்பர் கிளிப் பண்ணி பென்சில் கொடுத்தீங்க. எழுதுவாங்கன்னு பார்த்தா டிரிப்ஸ் ஸ்டாண்டை வரையறாங்க, ஷேடிங்கோட!

அம்மா ரிட்டயர்டு டிராயிங் டீச்சர். 1850ல ஆரம்பிச்ச எழும்பூர் ஓவியக் கல்லூரில படிச்சவங்க. அங்க பிரின்சிபாலா இருந்த ராய் சௌத்ரி செஞ்சதுதான் மெரினா உழைப்பாளர் சிலை, அத ஸ்கூல் பசங்கள கூட்டிட்டுப் போய் காட்டி, மூஞ்சிய விடுங்கடா, கால் எப்படி ஊன்றி தள்ளுதுன்னு பாருங்கன்னு சொல்வாங்க. ஸ்கேல் வச்சு கோடு போட்டா மார்க் கட். வீட்ல எங்களுக்கும் அதே ரூல்தான், கோலம் கூட தப்பிக்காது.

ஊசி போட்டு ஒரு கை வீங்கிப்போச்சு, அட்டைய பிடிக்க முடியல. நீங்க மருந்து கொடுத்து முடிச்சுட்டு வந்து குனிஞ்சு பிடிச்சுக்கிட்டே நின்னீங்க. அம்மா எங்கள விட்டுப் போனப்போ பில்லு, வண்டின்னு நாங்க ஓடிட்டிருந்த நேரத்துல அந்த பேப்பரெல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு தம்பி கைல கொடுத்திருக்கீங்க.

அப்புறம் வந்து கேட்டேன், வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிட்டீங்களாம். இத பார்த்தா மெசேஜ் பண்ணுங்க சிஸ்டர். அதுல ஒரு படம் நீங்கதான், மாஸ்க்கோட. ஃபிரேம் போட்டு வச்சிருக்கேன், எங்க இருந்தாலும் கொண்டு வந்து தர்றேன்.