மனை நிரப்பலுக்கும் விதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 மிக்ஜாம் புயலுக்கும் பிறகு சென்னைப் புறநகரில் மழைநீர் வடிகால்களுக்குப் பெருந்தொகை செலவிடப்படுகிறது. அவற்றில் வந்து சேரும் நீரும் மண்ணும் எந்த மனையிலிருந்து கிளம்புகின்றன என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதிகளில் வீடு கட்டத் தொடங்குபவர்கள் முதலில் செய்வது, பொக்லைன் வைத்துப் புதர்களை வழித்துவிட்டு, சாலை மட்டத்துக்கு மேல் கிராவல் கொட்டி மனையை உயர்த்துவதுதான். முதல் கனமழையில் அந்தக் கிராவல் கரைந்து வடிகாலின் வாயை அடைக்க, பக்கத்துப் பழைய வீட்டின் கூடத்தில் தண்ணீர் நிற்கிறது.

2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு, நடைமுறையில் மொட்டைமாடி நீரோடு நின்றுவிட்டது. எனவே உள்ளாட்சி அமைப்புகள் கட்டட அனுமதி தரும்போதே, மனையை உயர்த்தும் அளவுக்கு வரம்பும், கொட்டிய மண் வெளியே ஓடாதபடி தடுப்பும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலம் வழிப்பதற்குத் தடையும், ஒரு பகுதியையேனும் மண்தரையாக விடும் நிபந்தனையும் விதிக்க வேண்டும். (சிமெண்ட் கல் பதித்த முற்றத்தை வரைபடத்தில் தோட்டம் என்று காட்டுவதை ஏற்கக் கூடாது.) கட்டி முடித்த பின் அனுமதிப்படி கட்டியிருக்கிறதா என்று பார்த்துத் தரும் பணி நிறைவுச் சான்றிலிருந்து சிறு குடியிருப்புகளுக்கு விலக்கு இருப்பதால், இதற்கான ஆய்வை அடித்தளம் போடும் கட்டத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

வாசகர், மேடவாக்கம்