பழைய ரேஸ் சைக்கிளுக்குப் புது பிரேக்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"பிரேக் கட்டை மாற்றப் போனால் கேபிள், ரிம் என்று பில்லை ஏற்றிவிடுகிறார்கள்" என்று நம் கடையைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. சுற்றிச் சுற்றி எங்கள் காதுக்கே வந்துவிட்டது. சொன்னவர் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் பேசாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை.

முதலில் ரிம், அதாவது பிரேக் கட்டை பிடிக்கும் சக்கர வளையம். 1970, 80களின் ரேஸ் சைக்கிள்கள் பலவற்றில் குரோம் பூசிய இரும்பு ரிம்தான். பளபளவென்று அழகாகத்தான் இருக்கும். மழையில் நனைந்ததும் கட்டை அதன் மேல் வழுக்கும். லிவரை ஹேண்டில்பார் வரை இழுத்தாலும் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதில் எத்தனை உசத்தியான பிரேக்கை மாட்டினாலும் ஈரத்தில் பெரிய மாற்றம் இருக்காது. அலுமினிய ரிம் என்றால் பழைய பிரேக்கே நன்றாகப் பிடிக்கும். இதைத்தான் சொன்னோம், வற்புறுத்தவில்லை. ஏற்கெனவே அலுமினிய ரிம் உள்ள வண்டி வந்தால் ரிம் பற்றி நாங்கள் வாயே திறப்பதில்லை என்பது உங்களில் பலருக்கே தெரியும்.

அடுத்து, "நான் வாங்கி வந்த புது பிரேக்கை மாட்டித் தரவில்லை" என்ற குறை. மாட்ட மனமில்லாமல் இல்லை, எட்டவில்லை. இப்போது பரவலாகக் கிடைக்கும் காலிப்பரின் (ரிம்மை இருபுறமும் கவ்வும் பிரேக் கைகள்) எட்டும் அளவு, அதாவது அதை மாட்டும் போல்ட்டிலிருந்து கட்டை வரை உள்ள தூரம், 39 முதல் 49 மி.மீ. பழைய ஃபிரேம்கள் பலவற்றுக்கு 47 முதல் 57 வேண்டும், சிலவற்றுக்கு அதுவும் போதாது. 27 அங்குலச் சக்கரத்தைக் கழற்றி, அதைவிடச் சற்றுச் சிறிய 700சி சக்கரம் போட்டவர்களுக்கு ரிம் இன்னும் 4 மி.மீ. தள்ளிப் போயிருக்கும். எட்டாத பிரேக்கைப் போட்டால் கட்டை டயரின் பக்கவாட்டில் உரசி, டயரையே கிழித்துவிடும். போல்ட்டும் வேறு மாதிரி: பழையதில் நட்டு வெளியே தெரியும், புதியதில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்குள் புதைந்திருக்கும். அதற்கு ஃபோர்க்கின் பின்பக்கத் துளையை மட்டும் 8 மி.மீ.க்கு அகலமாக்க வேண்டும். உங்கள் சம்மதமில்லாமல் ஃபோர்க்கில் டிரில்லை வைக்க மாட்டோம்.

கேபிள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதம்தான். கியர் கேபிளின் உறையை பிரேக்குக்குப் போட்டுக்கொண்டு சிலர் வருகிறார்கள். அதன் கம்பிகள் நீளவாக்கில் ஓடுபவை. பிரேக்கை அழுத்திப் பிடித்தால் உறை பிளந்துவிடலாம். அதை அப்படியே விட்டு அனுப்ப எங்களால் முடியாது.

உண்மையில் பல வண்டிகளுக்குப் புது கட்டை, புது கேபிள், புது உறை, இவையே போதும். பழைய கட்டையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகி, மேல்பரப்பு மின்னினால் அதன் காலம் முடிந்தது. இந்த வேலையில் எங்களுக்கு மிஞ்சுவது ஒன்றும் பெரிதில்லை. இதற்கு மேலும் வேண்டும் என்றால், எட்டும் அளவு சரியாக உள்ள, இரண்டு அச்சுகளில் இயங்கும் டூயல் பிவட் காலிப்பர் போடலாம். பழைய லிவரோடும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

இந்தப் பேச்சையெல்லாம் கேட்ட பிறகும் வண்டியை எங்களிடமே கொண்டுவந்து, கழற்றிய பழைய கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்து, "சரி, நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்று விட்டுச் சென்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கடை ஓடுவதே உங்களால்தான்.

அப்புறம், நம் மூத்த மெக்கானிக் வேலையிலிருந்து நின்றுவிட்டார். அதனால் வண்டி திரும்பக் கிடைக்கச் சற்றுத் தாமதமாகும், கூலியும் கொஞ்சம் கூடியிருக்கிறது. வரும்போது பழைய பிரேக்கைக் கழற்றாமல் அப்படியே கொண்டுவாருங்கள், அளவெடுக்க அதுதான் வசதி.

அன்புடன்,
கடை உரிமையாளர்