ஆசானா, அடிமையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆசிரியர் தின இணைப்பிதழில், 'பெடகாக் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் அறிவொளி ஏற்றும் ஆசான் என்று பொருள்' என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ஒளியும் இல்லை, ஆசானும் இல்லை. 'பாய்ஸ்' என்றால் பிள்ளை, 'அகோகோஸ்' என்றால் கூட்டிக்கொண்டு போகிறவன். ஏதென்ஸில் வீட்டுப் பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய், திரும்பக் கூட்டி வந்த அடிமைக்குத்தான் அந்தப் பெயர். பாடம் சொன்னவர் வேறு ஆள், அவர் 'திடாஸ்கலோஸ்'. தங்களுக்குத் தெரியாததா? பிளேட்டோவின் 'லைசிஸ்' உரையாடலில், உன்னை யார் ஆள்கிறார் என்று சாக்ரடீஸ் கேட்டதும் பையன் கைகாட்டுவது இந்த அடிமையைத்தான். கடைசியில் பேச்சைக் கலைப்பவர்களும் இவர்களே. நேரமாகிவிட்டது, வீட்டுக்கு வா என்று கொச்சைக் கிரேக்கத்தில் கத்துகிறார்கள்.

அந்தக் கத்தல் எனக்குப் பழக்கமானது. என் அப்பா ரிக்‌ஷாக்காரர். புரசைவாக்கத்திலிருந்து வேப்பேரிப் பள்ளி ஒன்றுக்கு 7 பிள்ளைகளைத் தினமும் கொண்டுபோய் விட்டு, கூட்டி வந்தார். 1973இல் அரசு கைரிக்‌ஷாவை ஒழித்து சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தபோது அவருக்கும் ஒன்று கிடைத்தது. எவனுக்கு ஷூ லேஸ் கட்ட வராது, எவள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவருவாள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் பள்ளி கேட்டைத் தாண்டி அவரை விட்டதில்லை, ஆண்டு விழாவன்றுகூட. மழை பெய்தால் ரிக்‌ஷா படுதாவுக்குள் உட்கார்ந்திருப்பார்.

பைபிளில் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்திலும் இதே கிரேக்கச் சொல்தான். பழைய தமிழ் வேதாகமத்தில் அதை 'உபாத்தி' ஆக்கிவிட்டார்கள். சரி, அது அந்தக் காலம். அகராதியைக் கையிலேயே வைத்திருக்கும் தங்களுக்கு என்ன வந்தது?

போன வருஷம் குறுக்கெழுத்து விடை தப்பு என்று எழுதினேன், போடவில்லை. அதற்கு முந்திய கடிதத்தைப் போட்டீர்கள், புரசைவாக்கத்தைப் புதுப்பாக்கமாக்கி. போகட்டும் என்று விட்டேன். இப்போது என் அப்பாவின் வேலைக்கு உலகத்தில் இருந்த ஒரே கௌரவமான பெயரையும் பிடுங்கி, ஏற்கெனவே மாலையும் சால்வையும் வாங்குகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள். தாராள மனசு!

இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள், எனக்குக் கண்புரை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
புரசைவாக்கம் (புதுப்பாக்கம் அல்ல), சென்னை.