மாதிரி விமானமும் பசையும்: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் மன்றத்துக்காக மாதிரி விமானம் செய்துகொண்டிருக்கிறார்கள். பாதி வேலை பள்ளியில், மீதி உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடக்கிறது. அதனால் பசை பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு மாணவி தெர்மாகோல் இறக்கை ஒன்றைக் கொண்டுவந்தாள். அளவெடுத்து அழகாக வெட்டியிருந்தாள், ஆனால் நடுவில் மூங்கில் குச்சியை ஒட்டிய இடம் மட்டும் எலி கடித்த மாதிரி குழி விழுந்து, ஓரமெல்லாம் கண்ணாடிபோல இறுகிக் கிடந்தது. ஃபெவிக்விக் வேலை அது. அந்த வகைப் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும், பசை நல்லதா கெட்டதா என்பதல்ல பிரச்சினை. தெர்மாகோலுக்குச் சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும். காய நேரமெடுக்கும், அவ்வளவுதான், இரவு ஒட்டி வைத்தால் காலையில் எடுக்கலாம். ஐப்பசி மழை நாளென்றால் இன்னும் அரை நாள் கூட ஆகும், பிள்ளை அவசரப்பட்டால் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

மாதிரி விமானத்துக்குப் பயன்படும் லேசான பால்சா மரத்துக்கும் முதலில் ஃபெவிகால்தான் என்பது என் கட்சி. வரைபடத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் மேல் குச்சிகளைக் குண்டூசியால் நிறுத்தி ஒட்டினால் வரைபடத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளாது. பசையைப் பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு வையுங்கள், பிதுங்கி வருவதை ஈரத்துணியால் அப்போதே துடைத்துவிடுங்கள். மெல்லிய பால்சாத் தகட்டில் முழுக்கத் தடவினால் ஈரம் குடித்து வளைந்துவிடும். அதிகப் பசை எடையையும் கூட்டும். அதிலும் வால் பக்கம் ஒரு கிராம் கூடினால், அதைச் சமன்செய்ய மூக்கில் இரண்டு மூன்று கிராம் களிமண் வைக்க வேண்டி வரும், ஏனென்றால் விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளியிலிருந்து வால் மூக்கைவிடத் தள்ளி இருக்கிறது. 'நிறைய வைத்தால் உறுதி' என்ற நம் வீட்டு வழக்கம் இங்கே செல்லாது.

மோட்டார் உட்காரும் பலகை, சக்கரக் கம்பி மாதிரி இழுப்பு தாங்க வேண்டிய இடங்களுக்கு மட்டும் அரால்டைட், அதாவது பசையும் அதை இறுக்கும் ஹார்டனரும் தனித்தனி டியூபில் வருவது. இரண்டு டியூபிலும் சம அளவு எடுத்து நன்றாகக் கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். இறுகும் முன் மேஜையில் சிந்தியதை மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைக்கலாம், கையில் பட்டதை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சிலருக்குத் தோலில் அரிப்பு வரும்.

அப்புறம் ஃபெவிக்விக் வகை. 1942-இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது ஹாரி கூவரின் குழு இந்த வேதிப்பொருளைக் கண்டது. எதைத் தொட்டாலும் ஒட்டுகிறது என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள், 1958-இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. காற்றிலும் தோலிலும் உள்ள ஈரத்தால் இறுகுவதால்தான் விரலை அவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது. விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்கவே கூடாது, தோல் உரிந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டி விடுவியுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் அலசிக்கொண்டே உடனே கண் மருத்துவரிடம் போங்கள், இமையை நீங்கள் திறக்க முயல வேண்டாம், வேறு எதையும் ஊற்றவும் வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தப் பசை பஞ்சிலோ பருத்தித் துணியிலோ கொட்டினால் சட்டென்று சூடேறிப் புகையும், தோலைச் சுடும் அளவுக்கு. நம் சீருடைச் சட்டையில் பருத்தி இருக்கிறது. ஆகவே சிந்தியதைப் பஞ்சால் ஒற்றாதீர்கள், உடையில் கொட்டினால் நிறையப் பச்சைத் தண்ணீரை ஊற்றுங்கள். மேஜையில் விழுந்தது இறுகட்டும், பிறகு பெரியவர் யாராவது சுரண்டி எடுக்கலாம். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர் அதைக் கரைக்கும், ஆனால் வார்னிஷையும் மூக்குக்கண்ணாடி ஃபிரேமையும் தெர்மாகோலையும் சேர்த்தே கெடுக்கும். எளிதில் தீப்பற்றும் என்பதால் பூஜை விளக்கு எரியும் அறையில் அதன் மூடியைத் திறக்காதீர்கள்.

ரப்பர் பசையை மட்டும் பள்ளிக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள், கடுமையான வாடை வருமே, செருப்பு ஒட்டுவது, அதுதான். அதிலுள்ள கரைப்பானும் தெர்மாகோலை அரிக்கும், ஆனால் நான் தடுப்பதற்குக் காரணம் அதுவல்ல. அதை முகர்ந்து பழகினால் பிள்ளைகள் உடம்புக்கு எவ்வளவு கேடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருந்தால் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள், காலி டப்பாவையும் சேர்த்து.

வரும் வாரத்திலிருந்து ஃபெவிக்விக்கும் அரால்டைட்டும் ஆய்வகத்தில் ஆசிரியர் கையில் மட்டும் இருக்கும், அந்த இணைப்புகளைப் பிள்ளைகள் இங்கேயே பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்துகொள்வார்கள். நீங்கள் பையில் வைத்தனுப்ப வேண்டியது ஒரு சின்ன ஃபெவிகால், ஒரு பழைய துணி, நாலைந்து துணிக் கிளிப். பசையோ அதன் வாடையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை, ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்